போர்கெட்டாவுக்குள் முதுகுக்கறி எதற்கு?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு ஓவனில் போர்கெட்டா செய்கிறவர்கள், பன்றியின் வயிற்றுக்கறிக்குள் முதுகுக்கறியை வைத்துச் சுருட்டுவதை நிறுத்த வேண்டும். இதுதான் என் கட்சி. பல சமையல் குறிப்புகளில் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். வெட்டினால் நடுவில் வெள்ளை வட்டம், சுற்றிலும் கொழுப்பு, வெளியே பொன்னிறத் தோல். ஃபோட்டோவுக்கு அருமை. வாயில் போட்டால்தான் வண்டவாளம் தெரியும்.

போர்கெட்டா மத்திய இத்தாலிக்காரர்களின் சமாச்சாரம். பன்றியை எலும்பெடுத்து, உள்ளே உப்பு, மிளகு, பூண்டு, ரோஸ்மேரி எல்லாம் தடவி, கட்டி, மணிக்கணக்கில் ஓவனில் சுடுவது. ரோமுக்குத் தென்கிழக்கே சுமார் 25 கி.மீ. தொலைவில் அரிச்சா என்றொரு ஊர். 1950-லிருந்து அங்கே போர்கெட்டாவுக்குத் திருவிழாவே உண்டு. 2011-ல் ஐரோப்பிய யூனியன் அந்த ஊர்ப் போர்கெட்டாவுக்குப் புவிசார் குறியீடும் கொடுத்துவிட்டது. அரிச்சாவில் ரோஸ்மேரி வாசம் தூக்கலாக இருக்கும். கொஞ்சம் வடக்கே உம்ப்ரியாவுக்குப் போனால் காட்டுச் சோம்பு வந்துவிடும். (எனக்குச் சோம்புதான் பிடிக்கும். கொழுப்பான கறிக்குச் சோம்பு எவ்வளவு பொருத்தம் என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.)

"அரிச்சாவிலேயே முதுகுக்கறி உள்ளே இருக்கிறதே?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் அது முழுப் பன்றி, அல்லது அதன் நடு உடலிலிருந்து வெட்டிய பெரிய துண்டு. மெல்லிசாகச் சீவி, ஒவ்வொரு வாய்க்கும் கொஞ்சம் தோல், கொஞ்சம் கொழுப்பு, கொஞ்சம் கறி வருகிற மாதிரி ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். முதுகுக்கறி கொஞ்சம் வறண்டிருந்தாலும் பக்கத்துக் கொழுப்பு காப்பாற்றிவிடும். வீட்டில் நாம் செய்வது இரண்டு மூன்று கிலோ உருளை. விரல் தடிமனுக்கு வெட்டித் தட்டில் வைக்கிறோம். நடுவில் இருக்கும் வட்டம் தனியாக மாட்டிக்கொள்கிறது.

காரணம் எளிமையானது. வயிற்றுக்கறியில் கொழுப்பும் சவ்வும் அதிகம். உள்சூடு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டி, அங்கேயே நெடுநேரம் இருந்தால்தான் சவ்வு கரைந்து கறி பஞ்சாகும். 80, 85 வரை போனால்தான் சுகம். முதுகுக்கறியில் சவ்வும் குறைவு, கொழுப்பும் குறைவு. அது 65-ஐத் தாண்டினாலே சாறு வெளியேறத் தொடங்கிவிடும். ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு கறிக்கு இரண்டு கணக்கு. ஒன்றுக்கு நியாயம் செய்தால் மற்றதற்கு அநியாயம்.

"63 போதும் என்று அமெரிக்காக்காரனே சொல்லிவிட்டானே" என்பவர்களுக்கும் பதில் உண்டு. 2011-ல் அமெரிக்க விவசாயத் துறை பன்றிக்கறிக்கான அளவை 71-லிருந்து 63-க்கு இறக்கியது உண்மை. இறக்கியபின் மூன்று நிமிடம் ஆறவிட வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் அது முழுத் துண்டுகளுக்கு. முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் வெளிப்பரப்பில் இருக்கும், சூடு முதலில் அங்கேதான் படும். சுருட்டும்போது நாம் என்ன செய்கிறோம்? கை பட்ட, கத்தி பட்ட வெளிப்பரப்பை உள்ளே மடித்துவிடுகிறோம். சுருட்டிய இறைச்சியை உள்ளே இளஞ்சிவப்பாக விடாமல் முழுதாக வேகவைக்கச் சொல்லி பிரிட்டனின் உணவுப் பாதுகாப்பு அமைப்பு சொல்வது இதனால்தான். ஆக, முதுகுக்கறியைக் காப்பாற்ற 63-ல் நிறுத்துவதும் சரிப்படாது.

போன கிறிஸ்துமஸுக்கு அத்தை வீட்டு ஓவனில் இதைச் செய்துதான் பாடம் படித்தேன். ஓரம் அமிர்தம். நடுவில் மரத்தூள். அத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏன்டா, நடுவுல எதுக்குடா அட்டையை வச்சுச் சுருட்டின?" என்றார். எங்கள் கடையில் முதுகுக்கறிக்குக் கூடுதல் விலை வேறு. அதிகம் செலவழித்து மதிப்பைக் குறைத்துக்கொள்வது எந்த ஊர்க் கணக்கு என்று பி.காம். படிக்கிற எனக்கே தோன்றியிருக்க வேண்டும் :-)

அதற்குப் பிறகு வயிற்றுக்கறி மட்டும்தான். இரண்டரை கிலோ, தோலோடு. உப்பு எடையில் ஒன்றரை சதவீதம், அதாவது 37 கிராம் அளவு. வறுத்துப் பொடித்த சோம்பு, மிளகு, பூண்டு, ரோஸ்மேரி எல்லாம் கறிப்பக்கம். சுருட்டும்போது ஒரு ஓரத்தின் தோல் உள்ளே போய்விடும். அந்தப் பட்டையை முன்பே சீவி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ரப்பர்தான். கட்டுவதற்குப் பருத்தி நூல். நைலான் கயிறு உருகி கறியோடு ஐக்கியமாகிவிடும், யோசிக்கவே வேண்டாம்.

தோல்தான் பாதி விஷயம். மொறுமொறுப்புக்கு எதிரி ஈரம். ஊசியால் தோலை நெருக்கமாகக் குத்தி, உப்புத் தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் ஒரு இரவு வைத்தால் காய்ந்து தாள் மாதிரி ஆகிவிடும். (வீட்டில் திட்டு விழும், அது தனி.) மறுநாள் 150 டிகிரியில் மூன்று மணி நேரம் போல. நேரத்தை நம்பாமல் நடுவில் தெர்மாமீட்டர் குத்திப் பாருங்கள், 80-ஐத் தாண்டட்டும். பிறகு ஓவனை 240-க்கு ஏற்றி இருபது, இருபத்தைந்து நிமிடம். அந்த நேரத்தில் அடுப்பை விட்டு நகராதீர்கள். தோல் பொரிவதற்கும் கருகுவதற்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. எடுத்தபின் அரைமணி ஆறட்டும். மேலே ஃபாயில் போட்டு மூடினால் ஆவியில் தோல் நமத்துவிடும்.

மீதமிருந்தால் மறுநாள் சூடாக்காதீர்கள். அரிச்சாவில் ஆறியதைத்தான் ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுகிறார்கள். நான் பன்னில் வைத்துச் சாப்பிட்டேன். முந்தின நாள் சூடாகச் சாப்பிட்டதைவிட அதுவே நன்றாக இருந்தது.