"கடவுளே" என்றால் பாவமா?

போன வாரம் ஜெபக்கூட்டத்தில் "கடவுளே" என்று ஜெபித்துவிட்டேன். முடிந்ததும் ஒரு அண்ணன் தனியே அழைத்து, "தேவனேன்னு சொல்லு தம்பி, அது புறமதச் சொல்" என்றார்.

அப்படியா அண்ணா? அப்போ 'மகாதேவன்' யாராம்?

தரங்கம்பாடியில் சீகன்பால்க் மொழிபெயர்த்தபோது 'சர்வேசுரன்' என்றார். பெப்ரிசியுஸ் 'பராபரன்' என்றார். 19-ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பில்தான் 'தேவன்' நிலைத்தது. 1995-ல் வந்த திருவிவிலியத்தில் 'கடவுள்'. எல்லாமே இந்த மண்ணில் ஏற்கனவே புழங்கிய சொற்கள்தான். கேட்கிற தமிழனுக்குப் புரியணுமே என்று அவர்கள் தேடினார்கள். நாமோ ஒரு சொல்லைப் பூட்டி வைத்துக்கொண்டு, அதையே விசுவாசம் என்று பிரசங்கிக்கிறோம்.

எங்க பாட்டி சாகும்வரை "கடவுளே"ன்னுதான் அழுதாங்க. அந்த ஜெபம் போய்ச் சேரலையா? பதில் சொல்லுங்கண்ணா!