புழக்கடைத் தக்காளிக்குக் குட்டை ரகமே தக்கது

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் பருத்தி, தென்னை, மா முதலிய பயிர்களில் மிகுந்த சிரத்தை காட்டும் நிலக்காரர்கள், தம் வீட்டுப் புழக்கடையில் அதில் பத்தில் ஒரு பங்கும் காட்டுவதில்லை. 2023-ம் வருஷம் ஜூலை மாதத்தில் தக்காளி விலை கிலோ 100 ரூபாய்க்கு மேல் ஏறி, சென்னையில் அரசாங்கத்தார் ரேஷன் கடைகளின் மூலம் 60 ரூபாய் வீதம் விற்க நேரிட்டது. கிணறும் நிலமும் உடையவர்கள் அப்பொழுது கடைவீதியில் கால் கிலோ நிறுத்து வாங்கியது பெருமைக்குரிய விஷயமன்று.

செடி வைத்துப் பார்த்துக் கைவிட்டவர்களும் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் செய்த தவறு ஒன்றே. வயலில் கொம்பு நட்டுக் கம்பி கட்டி வளர்ப்பதற்கென்று ஏற்பட்ட வீரிய ஒட்டு நாற்றுக்களைப் புழக்கடையில் நட்டார்கள். அவை ஆளுயரம் ஓடின. ஆடி மாதத்தில் மலைப்பக்கமிருந்து வீசும் மேல்காற்று கொம்போடு சேர்த்துச் சாய்த்துவிட்டது. தோஷம் மண்ணிலோ கைராசியிலோ இல்லை, ரகத்தில் இருக்கிறது.

ஓரளவு வளர்ந்தபின் நுனி பூங்கொத்தாக முடிந்து தானே நின்றுவிடும் தக்காளி முதன்முதல் 1914-ல் அமெரிக்காவில் ப்ளோரிடாவில் தற்செயலாகத் தோன்றியது. இன்று கொம்பில்லாமல் வயலில் பயிராகும் ரகங்கள் பெரும்பாலும் அக்குணம் உடையவையே. நம் நாட்டிலும் தக்க ரகங்களுக்குக் குறைவில்லை. கோயமுத்தூர் வேளாண்மைச் சர்வகலாசாலையார் கோ 1 ரகத்திலிருந்து மாறுதல் உண்டாக்கிப் பிரித்தெடுத்த கோ 3, அதாவது ‘மருதம்’, நெருக்கி நடுவதற்கு ஏற்ற அடக்கமான செடி. மலைக்கு வடபுறத்திலுள்ள பெரியகுளத்தில் வெளியான பி.கே.எம். 1, தேனிக்கு அருகில் அன்னஞ்சி என்ற ஊரின் பெயரால் வழங்கிய நாட்டு ரகத்திலிருந்து பிறந்தது. ப்ளோரிடா சர்வகலாசாலையார் 1989-ல் வெளியிட்ட ‘மைக்ரோ-டாம்’ போன்ற முக்கால் அடிச் செடிகளும் உண்டு. தொட்டியில் வைத்து அழகு பார்க்கலாமேயன்றி, கோலிக்குண்டளவு பழத்தை வைத்து ரசம் கூட்ட இயலாது.

ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு நாளொன்றுக்குக் கால் கிலோ போதும். நல்ல பராமரிப்பில் செடிக்கு ஒரு கிலோ வரையில் எதிர்பார்க்கலாம். ஆறடி நீளம், நாலரை அடி அகலமுள்ள பாத்தியில் ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு செடிகள் நட்டால், ஏறக்குறைய ஒன்றரை மாதச் செலவுக்குக் கிடைக்கும். ஆனால் இவ்வகைச் செடி குறுகிய காலத்தில் காய்த்து ஓய்ந்துவிடும். ஆகையால் எல்லாவற்றையும் ஒரே நாளில் நடாமல், ஒரு மாதம் கழித்து இரண்டாவது பாத்தி நடுதல் அவசியம். ஆனியில் நாற்றுவிட்டு ஆடியில் நடுவது ஐப்பசி மழைக்கு முன் பலன் தரும். கார்த்திகைக் கடைசியில் நாற்றுவிடுவது மாசி, பங்குனியில் பழுக்கும். சித்திரை வெயிலில் பூப்பது பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.

உயர ரகத்துக்குச் சொல்லப்பட்ட யோசனையைக் கேட்டுப் பக்கக் கிளைகளைக் கிள்ளுவோர் இங்கும் கிள்ளிவிடுகிறார்கள். குட்டைச் செடியில் காய் பிடிப்பதே அக்கிளைகளில்தான்! கண்மாய்க் கரம்பையும் மக்கிய தொழுவுரமும் இட்டால் உரத்துக்கு வேறு செலவு அதிகமில்லை. காயின் அடிப்பாகம் கறுத்து அழுகினால் மருந்து தேட வேண்டாம். ஒருநாள் வெள்ளமாகவும் நாலுநாள் வறட்சியாகவும் தண்ணீர் விடுவதால் சுண்ணாம்புச் சத்து காய்க்குச் சேராமையே பெரும்பாலும் காரணம். பருத்திக் காட்டை ஒட்டிய வீடுகளில் மட்டும் விசேஷக் கவனம் வேண்டும். பருத்தியில் பெருகும் வெள்ளை ஈயே தக்காளிக்கு இலைச்சுருட்டை நோயைக் கொண்டுவருவதால், நாற்றங்காலை நெருக்கமான வலையால் மூடிவைக்க வேண்டும்.

விலை மலிந்து, விளைந்ததைச் சாலையோரத்தில் கொட்டும் காலமும் வருகிறதே, இவ்வளவு பாடு எதற்கு என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. மலிந்த மாதத்தில் இப்பாத்தியால் மிச்சம் அற்பந்தான். ஆனால் அது முக்கியமாய்த் தருவது விதை. தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்வது. ஆகையால் கோ 3, பி.கே.எம். 1 ஆகியவற்றின் நல்ல செடியில் பழுத்த பழத்தைப் பிசைந்து, ஓரிரு நாள் புளிக்கவைத்துக் கழுவி நிழலில் உலர்த்தினால் மறு வருஷமும் அதே ரகம் கிடைக்கும். வீரிய ஒட்டில் எடுத்த விதையோ பலவிதமாகப் பிரிந்துபோகும். அன்னஞ்சித் தக்காளியைக் குடியானவர்கள் விதை எடுத்துக் காத்திராவிட்டால் பெரியகுளத்தார்க்கு மூலப்பொருள் ஏது? நாற்றுக்கு ஆண்டுதோறும் கடையையே நம்பும் கிராமத்தில் அப்படிக் காக்கப்படுவது ஒன்றும் இராது.

இதில் கிராம உத்தியோகஸ்தர்கள் செய்யக்கூடியதும் உண்டு. மானிய விலையில் வரும் காய்கறி விதைப் பொட்டலத்தைக் கொடுக்கும்போது அது ரகமா, வீரிய ஒட்டா, பெயர் என்ன என்பதை வாங்குவோருக்குச் சொல்ல வேண்டும். பங்குனியில் வந்த பொட்டலத்தைச் சித்திரையில் விதைக்கச் சொல்லலாகாது. ஈரம் படாமல் மூடிவைத்த தக்காளி விதை இரண்டு மூன்று வருஷம் முளைப்புக் கெடாது. ஆனி மாதம் வரையில் பானையில் இருக்கட்டும்.