14 கோடி யார் பட்ட கடன்?

2025 டிசம்பர் 16 அன்று அபுதாபியில் ஐபிஎல் ஏலம் நடந்தது. மறுநாள் காலை மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நான் நாலு சுற்று முடிப்பதற்குள் தீர்ப்பே வந்துவிட்டது. பிரசாந்த் வீர் அடுத்த ஜடேஜாவாம். கார்த்திக் சர்மாவுக்குத் தவணையே கிடையாது. "முதல் மேட்ச்லயே அடிச்சாகணும் சார், பதினாலு கோடி சும்மாவா?"

ஒருவருக்கு வயது 20, இன்னொருவருக்கு 19. இருவருக்கும் அடிப்படை விலை 30 லட்சம். சென்னை அணி தலைக்கு 14.20 கோடி கொடுத்து எடுத்திருந்தது. தீர்ப்பு சொன்ன பெரியவர் அந்த இருவர் ஆடி ஒரு பந்துகூடப் பார்த்ததில்லை. கேட்டதும் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். ஆனாலும் தீர்ப்பு தீர்ப்புதான்.

பாண்டி பஜார் நடைபாதையிலும் அடையாறு டீக்கடையிலும் இதே நம்பிக்கைதான் ஓடுகிறது. ஏலத்தொகை என்பது பையனின் திறமை மேல் ஒட்டிய விலைச்சீட்டு. வாங்கிய காசை முதல் சீசனிலேயே வட்டியோடு ஆடித் தீர்க்க வேண்டும். இதைவிட அபத்தமான கணக்கை நான் கேட்டதில்லை.

தி.நகர் பட்டுக்கடையில் நாம் உள்ளே நுழையும் முன்பே புடவையில் விலை தொங்குகிறது. ஏலம் அப்படியில்லை. இரண்டு பேர் ஒரே புடவையின் இரு முனையைப் பிடித்து இழுக்கிறார்கள். யார் பையில் எவ்வளவு மிச்சமோ அதுவரை விலை ஏறும். அன்று சென்னையின் பையில் 43.40 கோடி இருந்தது. ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்கு அனுப்பி சஞ்சு சாம்சனை அழைத்துக்கொண்டதில், இடக்கைச் சுழலும் போட்டு மட்டையும் பிடிக்கிறவரின் இடம் காலி. போதாக்குறைக்கு முந்தைய சீசனில் பத்தாவது இடம். இத்தனை பதற்றமும் சேர்ந்துதான் 14.20. நெசவு என்னவோ காலையில் இருந்த அதே நெசவு.

இந்த ஊர் ரசிகருக்கு ஞாபகமறதி அதிகம். 2021 ஏலம் சென்னையிலேயேதான் நடந்தது. இந்தியாவுக்கு அதுவரை ஆடாதிருந்த கிருஷ்ணப்பா கௌதமுக்கு 9.25 கோடி கொடுத்தார்கள்; அப்படிப்பட்ட வீரர்களில் அன்றைக்கு அதுதான் உச்சத்தொகை. அந்த சீசன் முழுக்க அவர் ஓர் ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. சென்னை கோப்பையை வாங்கியது. விலைக்கும் வெற்றிக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கோப்பை வந்த வீட்டில் கணக்கு யார் பார்ப்பார்கள்?

8.40 கோடி என்ற தொகையை எடுத்துக்கொள்வோம். 2018 டிசம்பரில் பஞ்சாப் அதை வருண் சக்ரவர்த்திக்குக் கொடுத்தது. அடையாறில் பள்ளிக்கூடம் படித்து, கட்டடக்கலை படித்து, அப்புறம் கிரிக்கெட்டுக்கு வந்தவர். ஈடன் கார்டனில் தன் முதல் ஓவரிலேயே 25 ரன் கொடுத்தார். அத்தோடு அந்த சீசனில் அவர் கதை முடிந்தது, காயமும் சேர்ந்துகொண்டது. பஞ்சாப் கழற்றிவிட்டது, கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்தது. 2020இல் 17 விக்கெட். 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் மூன்றே ஆட்டங்களில் 9 விக்கெட். அதே 8.40 கோடியை 2023 டிசம்பரில் சென்னை சமீர் ரிஸ்விக்குக் கொடுத்தது. ரஷித் கானின் பந்தை, தான் சந்தித்த முதல் பந்தையே, சிக்ஸருக்குத் தூக்கியபோது ஊரே கொண்டாடியது. எட்டு ஆட்டங்களில் 51 ரன் என்றானதும் "எட்டு கோடி வேஸ்ட்" என்றது. அடுத்த ஏலத்தில் டெல்லி அவரை 95 லட்சத்துக்கு எடுத்தது. ஒரே வருடத்தில் திறமை ஒன்பதில் ஒரு பங்காகத் தேய்ந்துவிட்டதா?

"அப்போ சூர்யவன்ஷி?" என்பார்கள். 14 வயதில் 35 பந்தில் சதம். அடித்தார், உண்மை. ஆனால் அவர் விலை 1.10 கோடி. விலைதான் ஆட்டம் என்கிறவர்கள் அந்தச் சதத்தை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்? 20 லட்சத்துக்குக் குஜராத் எடுத்த நம்மூர் சாய் சுதர்சன் 2023 இறுதியாட்டத்தில் நமக்கு எதிராகவே 96 அடித்தாரே, அதை?

பொறுமையே தெரியாத கூட்டம் என்றும் சொல்லிவிட முடியாது. 2019இல் ஷேன் வாட்சன் ஆட்டத்துக்கு ஆட்டம் சீக்கிரமே அவுட்டாகிக்கொண்டிருந்தபோது அணி காத்திருந்தது. முணுமுணுத்தபடியே நாமும் காத்திருந்தோம். சேப்பாக்கத்தில் 96 அடித்தார், இறுதியாட்டத்தில் 80. அந்தப் பெருந்தன்மை 37 வயதுக்காரருக்கு மட்டும்தான் போலிருக்கிறது. ருதுராஜ் கெய்க்வாட் 2020இல் முதல் மூன்று இன்னிங்ஸில் எடுத்தது 0, 5, 0. இளைஞர்களிடம் பொறி தெரியவில்லை என்று தோனியே சொன்ன சீசன் அது. அடுத்த மூன்று ஆட்டங்களிலும் அரைசதம், மறு வருடம் 635 ரன்களோடு ஆரஞ்சு தொப்பி. தோனிக்கே பிசகிய இடத்தில் பூங்கா பெஞ்சு சரியாகச் சொல்லிவிடுமாம்.

மேற்கு மாம்பலத்துப் பையன் அஸ்வின் 2008இல் சென்னை அணியில் இருந்தார். அந்த சீசனில் ஒரு பந்துகூடப் போடவில்லை. அடுத்த வருடம் இரண்டே ஆட்டங்கள். அவர் முதுகில் கோடிக்கணக்கு எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. அதனால் யாரும் அவரைத் தேடவில்லை, திட்டவில்லை. அந்த நிழலில்தான் அவர் வளர்ந்தார்.

14.20 கோடி அதிகமா என்று கேட்கலாம், கேட்க வேண்டும். எனக்கே அது அதிகமாகத்தான் படுகிறது. ஆனால் கேட்க வேண்டிய இடம் ஏல மேஜை. கை தூக்கியது பையன் இல்லையே.

பெரியவரிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டே ஐந்தாவது சுற்றும் வந்துவிட்டேன். அவர் பேச்சை மாற்றினார். பேரன் லீகில் நான்காம் டிவிஷன் ஆடுகிறானாம். மூன்று வருடமாக ஓர் அரைசதம்கூட வரவில்லையாம்.

"டைம் குடுக்கணும் சார். குழந்தை அவன்."

வயது கேட்டேன். பத்தொன்பது.