பூச்சி மாத்திரையும் 12 பள்ளிக்கூடங்களும்

"டாக்டர், பூச்சி மாத்திரை ஆராய்ச்சியே தப்புன்னு நிரூபிச்சுட்டாங்களாமே. அப்புறம் எதுக்கு ஸ்கூல்ல குடுக்கறீங்க?"

போன வாரம் ஓபியில ஒரு அம்மா கேட்டாங்க. கையில போன், அதுல ஒரு ஃபார்வர்டு. நியாயமான கேள்விங்க. பின்னாடி ஐம்பது பேர் நின்னதால அங்க சொல்ல முடியல, இங்க சொல்றேன்.

அந்த ஆய்வு நடந்தது கென்யாவின் புசியா பகுதியில். 1998-ல் தொடங்கி 75 ஆரம்பப் பள்ளிகளுக்குக் கட்டம் கட்டமாக மாத்திரை கொடுத்தார்கள். செய்தவர்கள் டாக்டர்கள் இல்லை. எட்வர்ட் மிகெல், மைக்கேல் கிரேமர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள்.

2004-ல் வந்த முடிவு: மாத்திரை கொடுத்த பள்ளிகளில் பிள்ளைகள் மட்டம் போடுவது கால்பங்கு குறைந்தது. அதோடு, மாத்திரை போடாத பக்கத்துப் பள்ளிகளுக்கும் பலன். ஏன்னா ஊர்ல புழு பரவுறதே குறையுது. (பரீட்சை மார்க் கூடவில்லை. அதையும் மறைக்காமல் எழுதியிருந்தார்கள்.)

2015-ல் லண்டனைச் சேர்ந்த பொது சுகாதார ஆய்வாளர்கள் அதே டேட்டாவை எடுத்து, கணக்கை முதலில் இருந்து போட்டுப் பார்த்தார்கள். டேட்டாவைக் கொடுத்தது யாரு? மிகெலும் கிரேமரும்தான்!

ஒரு பிழை சிக்கியது. சுற்றி 6 கிலோமீட்டர் வரை உள்ள எல்லாப் பள்ளிகளையும் எண்ண வேண்டிய புரோகிராம், அருகில் இருந்த 12 பள்ளிகளோடு நின்றுவிட்டது. அதைத் திருத்தியதும், தூரத்துப் பள்ளிகளுக்குக் கிடைத்ததாகச் சொன்ன பலன் நிற்கவில்லை. ஆனால் மாத்திரை கொடுத்த பள்ளிகளில் வருகை கூடியது அப்படியே நின்றது. அந்த ஃபார்வர்டில் இந்தக் கடைசி வரி மட்டும் இல்லை.

அடுத்து, அதே டேட்டாவை வேறு முறையில் அலசினார்கள். வருகை கூடியதற்கான ஆதாரமும் கொஞ்சம் பலவீனமாகத் தெரிந்தது. அப்ப ஆரம்பிச்ச சண்டைக்கு 'புழுப் போர்' என்றே பெயர். பிழையை ஒப்புக்கொண்ட ஆசிரியர்கள், முறையை மாற்றியதை ஒப்புக்கொள்ளவில்லை.

இரண்டும் வேற வேற, இங்கதான் எல்லாரும் குழப்பிக்கறாங்க. ஒரு பேஷண்ட்டுக்கு பொட்டாசியம் 7.2-ன்னு ரிப்போர்ட் வருது, ஆள் தெம்பா உட்கார்ந்து டீ குடிக்கிறார். ஈசிஜி எடுத்துக்கிட்டே ரிப்பீட் சாம்பிள் அனுப்புவோம். லேப்காரர் கோபப்பட மாட்டார். கூட்டல் தப்பைத் திருத்துவது இந்த வகை. ஒரே எக்ஸ்ரேயை ரெண்டு டாக்டர் ரெண்டு விதமா படிக்கிறது வேற வகை. அதுல யார் சரின்னு சொல்ல இன்னும் ஆதாரம் வேணும்.

மூன்றாவது ஒன்று இருக்கு, அதுதான் நமக்கு முக்கியம். அதையே வேற ஊர்ல புதுசா செய்து பார்ப்பது. புசியாவில் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு மேல் புழு இருந்தது. அவ்வளவு புழு இல்லாத ஊரிலும் அதே பலன் வருமா? 2015-ல் வந்த காக்ரேன் தொகுப்பு, எல்லாப் பிள்ளைகளுக்கும் மொத்தமாகக் கொடுப்பதால் எடையிலோ படிப்பிலோ பெரிய மாற்றம் தெரியவில்லை என்றது. 2021-ல் புசியா பிள்ளைகளை 20 வருடம் கழித்துப் பார்த்தபோது, 2-3 வருடம் கூடுதலாக மாத்திரை கிடைத்தவர்களின் மணிநேரச் சம்பளம் 13% கூடியிருந்தது. விவாதம் இன்னும் முடியல.

என் கருத்து இதுதான். டேட்டாவைத் திறந்து வைத்து அடி வாங்கியவர்களை நான் அதிகம் நம்புவேன். பூட்டி வைத்த ஆய்வில் பிழை இல்லைன்னு யார் சொன்னது? யாரும் பார்க்கல, அவ்வளவுதான். மக்கள் வரிப்பணத்தில் திட்டம் போடும் எந்த ஆய்வையும் இப்படி இன்னொருத்தர் பிரித்து மேயணும். நம்ம ஊர்ல அதைச் செய்யறவங்களுக்கு மரியாதையும் இல்ல, காசும் இல்ல.

சரி, அந்த அம்மாவுக்கான பதில். வயிற்றில் புழு இருக்கும் பிள்ளைக்கு அல்பெண்டசோல் வேலை செய்யும். அதில் சண்டையே இல்லை. சண்டை எல்லாருக்கும் மொத்தமாகக் கொடுப்பதால் படிப்பு எவ்வளவு கூடும் என்பதில்தான். விலை குறைவு, ஆபத்து மிகக் குறைவு. என் பொண்ணுக்குக் கொடுக்கறேன், நீங்களும் கொடுங்க.

மென்று சாப்பிடச் சொல்லுங்க. அன்னைக்குக் காய்ச்சல் இருந்தா வேண்டாம், சரியான பிறகு விடுபட்டவர்களுக்கான நாளில் போட்டுக்கலாம்.