கைத்தொலைபேசி அரிச்சுவடி கற்பிக்குமா?

உங்கள் வீட்டில் முன்பள்ளி செல்லும் தம்பியோ தங்கையோ உண்டா? சோறு ஊட்டும்போது கைத்தொலைபேசியில் எழுத்துப் பாட்டு ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். சென்னையில் 2013இல் தொடங்கிய சூசூ ரீவி போன்றவை எழுத்துகளைப் பாட்டும் படமுமாகக் காட்டுகின்றன. பிள்ளை உருவத்தையும் ஒலியையும் விருப்பத்துடன் அறிகிறது. இது நன்மையே.

ஆனால் காணொளிக்குக் காது இல்லை. பிள்ளை 'பழம்' என்பதைப் 'பளம்' என்றால் அது திருத்தாது. அடுத்த எழுத்துக்குப் போய்விடும். விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது, பெரியவர் பிள்ளையின் விரலைப் பிடித்தல்லவா அரிசியில் எழுதுவிக்கிறார்? எழுத்துப் பழகுவதற்குப் பக்கத்தில் ஒருவர் வேண்டும்.

சிறுவயதில் திருத்தப்படாத பிழை எங்கே போகிறது? நெல்லியடியில் நான் திருத்தும் சாதாரண தரக் கட்டுரைகளில் அதைக் காண்கிறேன். 'ல, ழ, ள' மயக்கமும் 'ர, ற' மயக்கமும் நல்ல கட்டுரைக்கும் புள்ளியைக் குறைக்கின்றன.

எனவே காணொளியைத் தடுக்கவேண்டாம், அளவோடு காட்டுங்கள். 2 முதல் 4 வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 1 மணித்தியாலத்துக்கு மேல் திரைமுன் இருக்கலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. ஓர் எழுத்து முடிந்ததும் நிறுத்துங்கள். பிள்ளையைச் சொல்லவிடுங்கள்; முற்றத்து மணலில் எழுதவிடுங்கள்; பிழையைத் திருத்துங்கள். பத்து நிமிடம் போதும். தங்கைக்கு 'ழ' சொல்லிக்கொடுத்தால் உங்கள் 'ழ'வும் திருந்தும்.