சுருட்டி வைத்த பாய்

இயற்பியல் வகுப்பில் திசைவேகம், உராய்வு, திறன் என்று எழுதிக்கொண்டே போகிறோம்; தேர்வு முடிந்ததும் மறந்தும் விடுகிறோம். அந்தச் சொற்களுக்கு உள்ள விலையை நான் அறிந்தது எங்கள் வள்ளத்தில்தான். பாக் நீரிணைக் கரையில் எங்கள் ஊர். அப்பாவுக்கு ஒரு வள்ளம் உண்டு. 10 குதிரைத்திறன் கொண்ட டீசல் இஞ்சின் ஒன்றும், பாய் ஒன்றும் அதில் உண்டு. பாய் பல ஆண்டுகளாகச் சுருட்டியே கிடக்கிறது.

டீசல் வாங்குவது முதலாளியின் கவலைதானே என்று சிலர் நினைக்கலாம். அப்படியன்று. மீன் விற்ற பணத்தில் முதலில் டீசல் செலவைக் கழிக்கிறார்கள். மிஞ்சியதைத்தான் பங்கு போடுகிறார்கள். சொந்த வள்ளம் இல்லாமல் கூட வரும் நான்கு பேரும், தாங்கள் அறியாமலே, ஒவ்வொரு லிட்டருக்கும் பணம் தருகிறார்கள். பாடு இல்லாத நாளில் டீசல் கடனாகிறது. கடன் கொடுத்தவர் சொல்லும் விலைக்கே அடுத்த நாள் மீனும் போகிறது. என் கல்லூரிக் கட்டணம் ஒருமுறை தாமதமானதற்குக் காரணமும் இந்தக் கணக்குத்தான்.

இனி விஷயத்திற்கு வருகிறேன். வள்ளம் ஓடும்போது முன்பக்கம் ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலை நீள்கிறது. அலையின் நீளமும் நீரில் படியும் வள்ளத்தின் நீளமும் ஒன்றாகிவிட்டால், வள்ளம் தான் எழுப்பிய பள்ளத்திலேயே மாட்டிக்கொண்டு மேட்டில் ஏற முயல்கிறது. 1870-களில் இங்கிலாந்தின் டார்க்கி நகரில் தொட்டி கட்டி, சிறிய மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்து இந்த அலைத் தடையை ஆராய்ந்தவர் வில்லியம் ஃப்ரூட். நீரில் படியும் நீளம் 25 அடி என்றால் எல்லை ஏறத்தாழ 6.7 நாட். அதற்குமேல் விசையைத் திருகினால் புகையும் சத்தமும்தான் கூடும்.

அந்த எல்லைக்குக் கீழேயும் தேவையான திறன் ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. எல்லையை நெருங்கும்போது அதைவிட வேகமாகவே உயர்கிறது. சிறிய டீசல் இஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 0.2 லிட்டர் குடிக்கும். 12 கடல் மைல் தூரத்தை 6 நாட் வேகத்தில் கடக்க 10 குதிரைத்திறன் வேண்டும் என்று கொள்வோம். இரண்டு மணி நேரம், நான்கு லிட்டர். அதே தூரத்தை 5 நாட் வேகத்தில் போனால் 6 குதிரைத்திறனுக்கும் குறைவே போதும், 2.8 லிட்டரில் முடிந்துவிடும். 24 நிமிடம் தாமதம், 1.2 லிட்டர் மிச்சம்! மாதத்தில் 15 நாள் கடலுக்குப் போனால், போகும் வழியில் மட்டும் 18 லிட்டர்.

இதை அப்பாவிடம் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அவர் சிரித்தார். "முந்தி வந்தவனுக்குத்தான்டா ஏலத்துல விலை. உன் காகிதத்துக்கு அது தெரியுமா?" என்றார்.

தெரியவில்லை. அதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மீனோடு திரும்பும்போது அரை மணி பிந்தினால், மிச்சம் பிடித்த டீசலைப்போலப் பல மடங்கு ஏலத்தில் போய்விடும். ஆனால் போகும்போது யாரோடு போட்டி? வலை விடப் போகும் இடம் ஓடிப்போய்விடாது. பக்கத்து வள்ளம் முந்துகிறதே என்ற ரோஷத்தில்தான் விசையைத் திருகுகிறோம். அந்த ரோஷத்துக்குத்தான் அந்த 18 லிட்டரும்.

பாயின் கதையும் இப்படித்தான். வாடை வீசும் மாதங்களில் கரை திரும்பும்போது காற்று பின்னாலும் பக்கவாட்டிலும் இருந்து தள்ளுகிறது. இஞ்சினை நிறுத்த வேண்டியதில்லை. பாயையும் விரித்தால் அதே வேகத்துக்குக் குறைந்த விசை போதும். ஏலத்துக்கும் பிந்த மாட்டோம். 1979-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தார் 1986-லேயே சிறு படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி எழுதிவிட்டார்கள். கரைக்கு அது எட்டவில்லை. அடியில் ஒட்டும் பாசியையும் சிப்பியையும் சுரண்டுவதைக்கூட நாங்கள் பொங்கலுக்குப் பொங்கல்தான் செய்கிறோம்!

விற்பனை வரி நீக்கி அரசு டீசல் தருகிறது, அது நல்லதுதான். அளவைக் கூட்டச் சொல்லி மனு எழுதுகிறோம், அதுவும் வேண்டியதுதான். ஆனால் குடம் ஓட்டையாக இருக்கும்போது குழாயை மட்டும் குறைசொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. மனு எழுதும் கையால் ஒரு நோட்டில் தினமும் எத்தனை லிட்டர், எத்தனை மணி நேரம் என்று குறித்து வைத்தால் என்ன?

நான் குறிக்கத் தொடங்கிவிட்டேன். அப்பா இன்னும் பாதிதான் இணங்கியிருக்கிறார்: போகும்போது மெதுவாக, வரும்போது அவர் இஷ்டம். பாயைப் போன ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பிரித்துப் பார்த்தோம். மூன்று இடத்தில் எலி கடித்திருக்கிறது. அம்மா தைத்துக்கொண்டிருக்கிறார்கள்.