எளியோரின் உணவு: ஜாவாவின் டெம்பே வறுவல்



மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உறவினர் வாழும் குடும்பங்களுக்கு டெம்பே என்னும் பெயர் புதிதன்று. அங்குள்ள மலாய் உணவுக் கடைகளில், சோற்றின் ஓரத்தில் பொன்னிறமாகப் பொரித்து வைக்கப்படும் துண்டுகளைக் கண்டு, 'இது மீனா, பனீரா?' என்று ஐயுற்றவர்களும் உண்டு. இரண்டும் அன்று, அது சோயா மொச்சையால் ஆனது. அதன் தாயகம் இந்தோனேசியாவின் ஜாவாத் தீவு. அங்குள்ள இல்லங்களில் அன்றாடம் சமைக்கப்படும் 'ஓரெக் டெம்பே' என்ற வறுவலை இம்மாதம் நாமும் செய்து பார்ப்போம்.

சோயா மொச்சையை ஊறவைத்து, வேகவைத்து, தோல் நீக்கி, நீரை நன்றாக வடித்து ஆறவிடுகிறார்கள். பின்னர் ரைசோபஸ் என்னும் பூஞ்சை கலந்த 'ராகி' என்ற பொடியைத் தூவி, வாழை இலையில் பொதிந்து வைக்கிறார்கள். (இந்த ராகிக்கும் நம் கேழ்வரகுக்கும் தொடர்பில்லை.) ஏறத்தாழ இரண்டு நாள்களில், வெண்ணிற நூலிழைகள் பருப்புகளுக்கிடையே படர்ந்து, உதிரியாக இருந்தவற்றை ஒரே கட்டியாகப் பிணைத்துவிடுகின்றன. அக்கட்டியே டெம்பே. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த 'செராத் செந்தினி' என்ற ஜாவானிய நூலிலேயே இதன் பெயர் காணப்படுகிறது.

'புளிக்க வைத்த பண்டமாயிற்றே, நாம் உண்ணலாமா?' என்று சிலர் வினவக்கூடும். இங்கே நிகழ்வது பூஞ்சை பருப்பைப் பிணைக்கும் செயலேயன்றி, சாற்றை மதுவாக மாற்றும் நொதித்தல் அன்று. கோடிக்கணக்கான இந்தோனேசிய முஸ்லிம்களின் அன்றாட உணவு இது. நாம் கவனிக்க வேண்டியது இதனுடன் சேர்க்கும் சோயா சாற்றைத்தான். புட்டியின் மேல் அச்சிடப்பட்டுள்ள சேர்மானங்களைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

இத்தகைய உணவு அதன் சொந்த நாட்டிலேயே நெடுங்காலம் இளக்காரத்துக்கு உள்ளானது என்பதை அறிந்தால் வியப்படைவீர்கள். மலிவாகக் கிடைப்பதாலும் ஏழைகளின் தட்டில் இருப்பதாலும், 'டெம்பே மனம்' என்றால் உறுதியற்ற மனம் என்று பொருள் கொண்டார்கள். அந்நாட்டின் முதல் அதிபர் சுகர்ணோவே, நாம் 'டெம்பே இனமாக' இருக்கலாகாது என்று மக்களிடம் முழங்கினார்.

ஆனால் அந்த டெம்பேதான் இக்கட்டான காலத்தில் உயிர்களைக் காத்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஜாவாவில் ஜப்பானியர் நடத்திய சிறைமுகாம்களில், வயிற்றுக்கடுப்பால் நலிந்த கைதிகளுக்கு வேகவைத்த சோயா செரிக்கவில்லை. அதே சோயா டெம்பேயாக மாறியபோது அவர்களால் உண்ண முடிந்தது. பூஞ்சையானது பருப்பில் உள்ள புரதத்தை முன்னதாகவே ஓரளவு சிதைத்துக் கொடுத்துவிடுவதே இதற்குக் காரணம். 100 கிராம் டெம்பேயில் ஏறத்தாழ 19 கிராம் புரதம் இருக்கிறது. இறைச்சி வாங்க இயலாத இல்லங்களில் பிள்ளைகளின் வளர்ச்சிக்குத் துணை நின்றது இதுவே.

இன்று அந்த எளிய கட்டிக்கும் சோதனை வந்துள்ளது. இந்தோனேசியா தனக்கு வேண்டிய சோயாவில் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்து, குறிப்பாக அமெரிக்காவிலிருந்து, தருவிக்கிறது. உலகச் சந்தையில் சோயா விலை ஏறும்போது, ஜகார்த்தாவின் சந்தையில் டெம்பேயின் விலை ஏறுகிறது. இல்லையேல் அதன் கனம் குறைகிறது. 2008 ஜனவரியில் டெம்பே செய்வோர் அதிபர் மாளிகை முன் திரண்டு முறையிட்டார்கள். 2012இலும் 2022இலும் உற்பத்தியையே நிறுத்திப் போராடினார்கள். இளக்காரமாகப் பேசப்பட்ட பண்டம் சில நாள்கள் கடையில் இல்லாமற்போனபோதுதான், அதன் அருமை நாடெங்கும் உணரப்பட்டது.

இனி அடுப்படிக்குச் செல்வோம். நம் பெருநகரங்களிலும் சில கடைகளில் டெம்பே குளிர்பெட்டியில் கிடைக்கிறது. கட்டி வெண்மையாகவும் இறுக்கமாகவும், காளானை ஒத்த மணத்துடனும் இருக்க வேண்டும். சாம்பல் அல்லது கறுப்புப் புள்ளிகள் சிறிதளவு இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அது பூஞ்சை முதிர்ந்ததன் அடையாளம். பிசுபிசுப்போ, இளஞ்சிவப்பு அல்லது பச்சை நிறமோ, மூக்கைத் துளைக்கும் நெடியோ இருந்தால் தயங்காமல் எறிந்துவிடுங்கள். மற்றோர் எச்சரிக்கை: தேங்காய்ச் சக்கையில் இவ்வாறு செய்யும் 'போங்க்ரெக்' என்ற வகையில் கொடிய நஞ்சு உண்டாகிப் பலர் இறந்ததால், 1988இல் அந்நாட்டு அரசு அதனைத் தடை செய்தது. ஆகவே சோயாவுக்குப் பதிலாகத் தேங்காய்ச் சக்கையைக் கொண்டு எவரும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

தேவையானவை (நால்வருக்கு):

டெம்பே – 300 கிராம்
சின்ன வெங்காயம் – 8
பூண்டு – 4 பல்
சிவப்பு மிளகாய் – 3
பேரரத்தை – கட்டைவிரல் அளவு
இனிப்புச் சோயா சாறு – 3 மேசைக்கரண்டி
பொடித்த கருப்பட்டி – 1 மேசைக்கரண்டி
புளிக்கரைசல் – 1 மேசைக்கரண்டி
தண்ணீர் – கால் கோப்பை
எண்ணெய் – பொரிப்பதற்கு
உப்பு – தேவைக்கேற்ப

இனிப்புச் சோயா சாற்றை இந்தோனேசியர் 'கெச்சாப் மானிஸ்' என்பர். அது கிடைக்காவிடில், இரண்டு மேசைக்கரண்டி சாதாரணச் சோயா சாற்றில் அதே அளவு கருப்பட்டியைச் சேர்த்து, பாகுபோல் ஆகும்வரை சிறு தீயில் காய்ச்சிக்கொள்ளுங்கள். அவ்வாறு செய்தால், மேலே கூறிய தனிக் கருப்பட்டியும் உப்பும் வேண்டியதில்லை.

செய்முறை:

டெம்பேயைச் சுண்டுவிரலில் பாதிப் பருமனுள்ள நீளத் துண்டுகளாக நறுக்குங்கள். எண்ணெயை நன்றாகக் காயவைத்து, துண்டுகளைச் சிறிது சிறிதாகப் போட்டுப் பொன்னிறமாகப் பொரித்தெடுங்கள். இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள். டெம்பே பஞ்சுபோல் உறிஞ்சும் தன்மையுடையது. பொரிக்காமல் சாற்றில் இட்டால் ஊறிக் குழைந்துவிடும்.

வாணலியில் இரண்டு கரண்டி எண்ணெயை மட்டும் விட்டு, மெல்லியதாக அரிந்த வெங்காயத்தையும் பூண்டையும் மணம் வரும்வரை வதக்குங்கள். சாய்வாக அரிந்த மிளகாயையும் நசுக்கிய பேரரத்தையையும் சேர்த்துப் புரட்டுங்கள். பின்னர் சோயா சாறு, கருப்பட்டி, புளிக்கரைசல், உப்பு, தண்ணீர் ஆகியவற்றை ஊற்றித் தீயைக் குறையுங்கள். இனிப்பு மிகுந்த சாறாதலால் விரைவில் அடிப்பிடித்துக் கசந்துவிடும். அடுப்பை விட்டு அகலாதீர்கள். சாறு கொதித்துத் திரண்டு வரும்போது பொரித்த துண்டுகளை இட்டு, ஒவ்வொன்றின் மீதும் பளபளப்பாகப் படியும்வரை கிளறி இறக்குங்கள். சூடான வெள்ளைச் சோற்றுடன் இனிப்பும் காரமும் புளிப்பும் கலந்து சுவைக்கும்.

துண்டுகளை இன்னும் மெல்லியதாக நறுக்கி மொறுமொறுவெனப் பொரித்து, தண்ணீர் சேர்க்காமல் சாறு முழுதும் வற்றும்வரை கிளறினால் அது 'கெரிங் டெம்பே'. ஆறியபின் ஈரமற்ற புட்டியில் இறுக மூடி வைத்தால் பல நாள்கள் கெடாது. பெஸந்த்ரன் எனப்படும் மார்க்கக் கல்விக்கூட விடுதிகளுக்குத் திரும்பும் பிள்ளைகளுக்கும், ஹஜ்ஜுக்குப் புறப்படுவோருக்கும் இந்தோனேசியத் தாய்மார்கள் கட்டிக்கொடுப்பது இதனைத்தான்.

நம் இல்லங்களிலும் கேழ்வரகுக் களி, கொள்ளுத் துவையல், முருங்கைக்கீரை ஆகியவை விருந்தினர் வரும் நாளில் மறைத்து வைக்கப்படுகின்றன. விலை குறைந்தது தரம் குறைந்ததாகத்தான் இருக்கும் என்று நாமே பிள்ளைகளுக்குக் கற்பித்து விடுகிறோம். டெம்பே கிடைத்தால் இவ்வறுவலைச் செய்து பாருங்கள். கிடைக்காவிடில், உங்கள் வீட்டு எளிய உணவொன்றை இதே கவனத்துடன் சமைத்து, அடுத்த விருந்தில் முதல் தட்டாகவே வையுங்கள்.